இருபத்தைந்து கிராம்

எனக்கு மூலம் இருந்தது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி வெட்கப்பட்டுக்கொண்டு "அவருக்கு உடம்புக்கு முடியல" என்று மட்டும் வெளியே சொல்லப்போய், எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பாதிப் பேர் இதயம் என்றும் மீதிப் பேர் கிட்னி என்றும் முடிவுகட்டி, ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா ஒரு சட்டி கோழி சூப் வைத்துக் கொடுத்தார். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்டபோது நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். பொய்தான். வேறு எதைத் தொட்டுக் காட்டுவது?

நியாலாஸ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தெட்டு வருடமாக லாரி எடை போடுகிறேன். எங்கள் பேச்சில் அதற்குத் திம்பாங் என்று பெயர். பழக்குலை ஏற்றிய லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, குலையைக் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது ஓர் எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து ரசீது அடித்துக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. எடை விஷயத்தில் என்னிடம் வாக்குவாதம் செய்து ஜெயித்த லாரிக்காரன் இதுவரை பிறக்கவில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைப்பதற்கில்லை.

அந்த வேலையில் ஒரே ஒரு சங்கடம். கழிவறை, ஆலையின் கொதிகலனுக்குப் பின்னால் இருக்கிறது. நான் எழுந்து போய்த் திரும்புவதற்குள் ஆறு லாரி வரிசை கட்டி ஹாரன் அடிக்கும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். காலையில் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் இரண்டு, பால் ஊற்றி ஆற்றிய தேத்தாரே ஒன்று. மத்தியானம் வெள்ளைச் சோறும் கோழிக் கறியும். தட்டின் ஓரத்தில் மனைவி வைத்த காய்கறி ஓரத்திலேயே இருந்து, அப்படியே குப்பைக்குப் போய்விடும். இருபத்தெட்டு வருடம் இப்படி உட்கார்ந்தே தின்றால் உடம்பு ஒருநாள் கணக்குக் கேட்காமல் விடுமா?

கேட்டது. ரத்தமாகவே கேட்டது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த சீன டாக்டர், மூலம்தான், வேறு பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்தில் அதை மறுபடியும் எடுத்துக்கொண்டார். உடம்பில் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. மூன்று மாதம் நார்ச்சத்தும் தண்ணீரும் சரியாக எடுத்துப் பார்ப்போம். அப்போதும் ரத்தம் போவது நிற்காவிட்டால் ஆப்பரேஷன். ஆப்பரேஷன் ஆனால் சில வாரங்களுக்கு ஒழுங்காக உட்கார முடியாது.

மூன்று மாதம் கழித்து அவர் குறித்துக் கொடுத்த தேதி, என் மகளின் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் வந்தது.

கல்யாணத்தில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பவன் மணைப் பலகையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. எங்கள் குருக்கள் மந்திரத்தைச் சுருக்குகிற ஆள் இல்லை, இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். வீட்டுக்கு வந்து தேதியைச் சொன்னதும் என் மைத்துனர், அதாவது மனைவியின் அண்ணன், பெருந்தன்மையோடு ஒரு யோசனை சொன்னார்.

"கவலப்படாதீங்க மச்சான். நானும் எங்க வீட்டம்மாவும் உக்காந்து தார வாத்துக் குடுத்துர்றோம். நான் இருக்கேன்லா!"

அவர் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். எதற்கும் 'நான் இருக்கேன்' என்பார். தாய்மாமன் என்ற முறையில் அவருக்கு மாலை மரியாதை எல்லாம் தனியாக இருக்கிறது. அது போதாமல் என் பலகையும் வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் மூலமே மறந்துவிட்டது.

அவர் போன பிறகு மனைவி அடுக்களையில் பாத்திரத்தை வேகமாக வைத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"நீங்க உக்காரலன்னா, நான் எங்கங்க உக்கார்றது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாரை வார்ப்பது ஒரு ஜோடி செய்கிற காரியம். அப்பன் கையைப் பிடிப்பான், அம்மா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். நான் படுக்கையில் குப்புறக் கிடந்தால், பெற்ற மகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற இடம் அவளுக்கும் இல்லை. அவள் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, தன் அண்ணி ஊற்றுவதைப் பார்க்க வேண்டும். இருபத்தாறு வருடம் அந்தப் பெண்ணை வளர்த்தவள் அவள். நான் வெறுமனே லாரி எண்ணிக்கொண்டிருந்தவன். இனி என் வாயில் என்ன போகிறது என்பது என் சொந்த விஷயம் இல்லை என்று அன்று முடிவுசெய்தேன்.

டாக்டர் அனுப்பிய இடத்தில் ஒரு டயட்டீஷியன் பெண் இருந்தாள். தமிழ்ப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். சுறுசுறுப்பாகப் பேசினாள்.

"அங்கிள், ஒரு நாளைக்கு இருவத்தஞ்சு கிராம் ஃபைபர் வேணும். முப்பது வர போலாம். இப்ப நீங்க சாப்புடுறதுல பத்துகூட தேறாது. மெதுவா கூட்டணும், தண்ணி நெறைய குடிக்கணும். நான் வெளக்கமா சொல்லட்டா?"

விளக்கமா? எனக்கா? கிராம், கிலோ, டன் என்று இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவனுக்கு எடையை விளக்குவதா? அவள் நீட்டிய காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இருவத்தஞ்சு கிராம். புரிஞ்சிருச்சும்மா" என்று எழுந்துவிட்டேன். அந்தக் காகிதம் சட்டையோடு சேர்ந்து துவைக்கப்பட்டு, வெள்ளை உருண்டையாக வெளியே வந்தது.

மனைவி தீபாவளிக்குப் பலகாரம் செய்யும்போது மாவு நிறுக்க ஒரு டிஜிட்டல் தராசு வைத்திருக்கிறாள். மறுநாள் அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன். முதலில் காலித் தட்டை வைத்து எடை எடுத்தேன். பிறகு பயற்றங்காய்ப் பொரியலோடு எடை. தட்டைக் கழித்தேன். முப்பத்தொன்று வந்தது.

"ஓவர்லோடு" என்றேன். ஆறு கிராமைக் கரண்டியால் எடுத்து மறுபடியும் சட்டியில் போட்டேன்.

"நல்லதுதான, கூட கொஞ்சம் சாப்புட்டா என்னா?"

"அந்தப் பொண்ணு சொன்ன அளவு அளவுதான். கூட ஏத்துனா லாரி படுத்துரும்."

இருபத்தைந்து கிராம் பயற்றங்காய் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. எண்ணினால் பத்துப் பதினைந்து துண்டு. மனைவி அதற்கு முன்னால் தட்டின் ஓரத்தில் வைத்ததே அதைவிட நிறைய. ஆனால் நான் அதை ஒரு தவம்போல மென்று தின்றேன். தின்று முடித்ததும் அன்றைய கடமை தீர்ந்தது என்று நிம்மதியாகக் கோழிக் காலை எடுத்தேன். நார்ச்சத்து என்பது இவ்வளவுதானா, இதற்கா ஊரெல்லாம் இப்படிப் பயமுறுத்துகிறார்கள் என்றுகூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மைத்துனர் வருவார். அவர் வீட்டுப் பின்பக்கம் மூன்று கொய்யா மரம் இருக்கிறது, காய்த்துத் தள்ளும். ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைப்பார். நான் ஒரு கொய்யாவை எடுத்துத் தராசில் வைத்தேன். இருநூற்றுப் பத்து கிராம். எட்டு நாள் பங்கு ஒரே பழத்தில்! சரியாக இருபத்தைந்து கிராமுக்கு ஒரு கீற்று வெட்டிக்கொண்டு, மிச்சத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அன்றைக்குக் காய்கறி கிடையாது, ஏனென்றால் கொய்யாவிலேயே அளவு முடிந்துவிட்டது. மைத்துனர் தன் தங்கையைப் பார்த்தார். தங்கை கூரையைப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். தேதி, நேரம், காயின் பெயர், மொத்த எடை, தட்டின் எடை, நிகர எடை. முப்பது நாளில் ஒருநாளும் இருபத்தைந்தைத் தாண்டவில்லை, ஒருநாளும் குறையவும் இல்லை. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. சொல்லப்போனால் கூடிவிட்டது. கழிவறையில் செய்தித்தாளின் எல்லாப் பக்கத்தையும் படித்து முடித்து, வரி விளம்பரத்தில் வீடு வாடகை எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வருவேன். மகள் கதவைத் தட்டி "அப்பா, நான் வேலைக்குப் போவணும்பா!" என்று கத்துவாள். அவளுக்கு விஷயம் தெரியக்கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். கல்யாணப் பெண்ணுக்கு இந்தக் கவலை எதற்கு?

ஒரு மாதம் கழித்து டயட்டீஷியனைப் பார்க்கப் போனபோது, சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்.

"நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். ஒரு கிராம்கூட தப்பல. ஒன்னும் சரியாவலயே, இதுக்கு என்னா சொல்ற?"

அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டை முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஒரு நிமிடம் பதறிவிட்டேன்.

"சாரி அங்கிள், சாரி, சாரி..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்கிள், பயத்தங்கா வேற, அதுக்குள்ள இருக்குற ஃபைபர் வேற லா. இருவத்தஞ்சு கிராம் பயத்தங்காயில ஃபைபர் ஒரு கிராம் வந்தா பெருசு. மிச்சமெல்லாம் தண்ணிதான்."

நான் நோட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தேன். மூடினேன். ஆலையில் இருபது டன் குலை இறங்கினால் அதிலிருந்து நாலு டன் எண்ணெய் வந்தாலே எங்கள் மேனேஜர் வாயெல்லாம் பல்லாக இருப்பார். மிச்சம் தண்ணீர், கொட்டை, சக்கை. குலையின் எடை எண்ணெயின் எடை ஆகாது என்பது ஆலை வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கெல்லாம் அதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான், ஒரு மாதமாகக் குலையை நிறுத்துவிட்டு எண்ணெய் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

"மொதல்லயே இத சொல்லக்கூடாதா?" என்றேன். கோபம் எனக்கு என்மேல்தான். ஆனால் எதிரில் அவள்தானே இருந்தாள்.

"சொல்லட்டான்னு கேட்டேன் அங்கிள். நீங்கதான் எந்திரிச்சிட்டீங்க."

மறுபடியும் உட்கார்ந்தேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவித்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம் என்றால் சுமாராகப் பத்து கிராம் தேறும். ஒரு முழுக் கொய்யா பத்தை ஒட்டி வரும். கீரை ஒரு கிண்ணத்துக்கு மூன்று நாலு. பருப்பில் நிறைய உண்டு. வெள்ளைச் சோறு ஒரு தட்டு தின்றாலும் ஒன்றுகூடத் தேறாது. ரொட்டி சானாயைப் பற்றிக் கேட்டேன். "அதெ கேக்காதீங்க அங்கிள்" என்றாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதிக்கொண்டேன். மெதுவாகக் கூட்டுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று அவள் மறுபடியும் சொன்னதையும் எழுதினேன். எழுதியதோடு சரி.

ஒரு மாதத்தை வீணடித்துவிட்டேன், இன்னும் இரண்டே மாதம்தான் இருக்கிறது. இதில் மெதுவாவது ஒன்றாவது! மறுநாள் காலையிலேயே ஒரு கிண்ணம் கடலை. பத்து மணிக்குக் கொய்யா, அதற்காக மைத்துனருக்கு நானே போன் செய்து, "மச்சான், அந்தப் பழம் இன்னும் இருக்கா?" என்று கேட்க வேண்டியதாயிற்று. அவர் "எந்தப் பழம் மச்சான்?" என்று தெரியாதவர்போலக் கேட்டு அந்த வெற்றியை அனுபவித்தார். மத்தியானம் முருங்கைக்கீரை, பருப்பு, சிவப்பரிசிச் சோறு. சாயங்காலம் மறுபடியும் கடலை. ஒரே நாளில் முப்பதைத் தாண்டிவிட்டேன் என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மாலை, மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் முகூர்த்தப் புடவை விஷயமாகப் பேச வந்தார்கள். தஞ்சோங் கிளிங்கில் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்து வழி. அவர் அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், அந்த அம்மா நர்ஸாக இருந்தவர். மரியாதையான மனிதர்கள், குரலை உயர்த்திப் பேச மாட்டார்கள். அப்படிப்பட்ட அமைதியில் என் வயிறு பேச ஆரம்பித்தது.

முதலில் இருமிச் சமாளித்தேன். பிறகு நாற்காலியை இழுத்தேன். அப்புறம் அதுவும் போதாமல், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எழுந்து வெளியே ஓடினேன். ஐந்து நிமிடம் கழித்துக் கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஓடினேன். மூன்றாவது தடவை எழுந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துர்றேன்" என்றேன்.

சம்பந்தி ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். நான் கார் நிறுத்தும் இடத்தில் தனியாக நின்று என் வேலையை முடித்துக்கொண்டு திரும்பியபோது, சம்பந்தியம்மா என் மனைவி கையிலிருந்து ஒரு பெரிய ஜாடித் தண்ணீரை வாங்கி என் முன்னால் வைத்தார்.

"கடலை கனக்கச் சாப்பிட்டனீங்கள் போல. நார்ச்சத்தைக் கூட்டினால் தண்ணியும் கூடக் குடிக்கோணும் அண்ணே. கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டுங்கோ, வயிறு பழகிவிடும்."

எவ்வளவு நாசூக்காகச் சொன்னார் தெரியுமா! முப்பது வருடம் வார்டில் இருந்தவருக்கு என்னைப் போல எத்தனை பேர் செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்? எனக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது, அதே சமயம் என் மகள் நல்ல வீட்டுக்குத்தான் போகிறாள் என்று நிம்மதியாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு சொன்ன பேச்சைக் கேட்டேன். கடலை முதல் வாரம் ஒரு கைப்பிடி, அடுத்த வாரம் இரண்டு. ரொட்டி சானாய் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஆனது. ஆலைக்கு இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனேன். கழிவறைக்குப் போகும்போது எடை அறையின் கண்ணாடியில் 'இதோ வருகிறேன்' என்று ஓர் அட்டை மாட்டிவிட்டுப் போனேன். ஹாரன் அடிப்பவன் அடிக்கட்டும். லாரிக்காரர்கள் இரண்டு நாள் கத்திவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து இறங்கி சிகரெட் பிடிக்கப் பழகிக்கொண்டார்கள். இருபத்தெட்டு வருடம் நான் எழுந்தால் ஆலையே நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்று வாரத்தில் செய்தித்தாளின் முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் வேலை முடிந்தது. ஆறாவது வாரம் ரத்தம் நின்றது. நான் யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று மனைவியிடம்கூட இரண்டு நாள் மறைத்தேன். சொன்னபோது அவள் போய்ச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து, "இன்னிக்கு ராத்திரி கீர வச்சிருக்கேன்" என்றாள்.

டாக்டர் குறித்த தேதியில் போனோம். உடம்பில் ரத்தம் ஏறியிருக்கிறது, ஆப்பரேஷன் இப்போதைக்குத் தேவையில்லை, இதையே விடாமல் செய்யுங்கள் என்றார். கல்யாணத்தில் தரையில் உட்காரலாமா என்று கேட்டேன். தாராளமாக, ஆனால் எழுந்து எழுந்து நடங்கள் என்றார். வரும் வழியிலேயே மைத்துனருக்குப் போன் செய்தேன். "நான் உக்கார்றேன் மச்சான். நீங்க ஒங்க மாலைய மட்டும் போட்டுக்குங்க."

"அதான் வேணும் மச்சான்" என்றார். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னார். மனுஷனைப் பற்றி இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டேனே என்று அப்போது பட்டது.

கல்யாணத்தன்று காலை மணவறையில் பலகைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். குருக்கள் ஒரு மந்திரத்தையும் விடவில்லை. புகை கண்ணைக் கரித்தது, முழங்கால் மரத்தது, ஆனால் எங்கே வலிக்கக்கூடாதோ அங்கே வலிக்கவில்லை. பக்கத்தில் பச்சைப் பட்டுப் புடவையில் மனைவி செம்போடு உட்கார்ந்திருந்தாள். மகளின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, இரண்டையும் என் கையால் கீழே தாங்கிக்கொண்டேன். மனைவி தண்ணீரை ஊற்றினாள். ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாமல் மெதுவாக ஊற்றினாள்.

முடிந்தது. குருக்கள் எங்களைப் பார்த்து, எழுந்திருக்கலாம் என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. மைத்துனர் பின்னாலிருந்து குனிந்து, "மச்சான், கால் புடிச்சிக்கிச்சா? தூக்கி விடவா?" என்றார். மகள் தலையைக் குனிந்தபடியே என் பக்கம் திரும்பினாள்.

"வலிக்குதாப்பா? ரொம்ப நேரம் உக்காந்துட்டீங்க."

ஆக, அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. அம்மாவின் சத்தியம் அவ்வளவுதான்.

"இல்லம்மா. கொஞ்சங்கூட வலிக்கல" என்றேன். அது நிஜம். என் கை இன்னும் அவள் கைக்கு அடியிலேயே ஈரமாக இருந்தது. மூன்று மாதமாக எல்லோருமாகச் சேர்ந்து என்னை உட்கார வைக்கப் பாடுபட்டார்கள். எழுந்திருக்க வேண்டி வருமே என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

"இன்னும் ஒரு நிமிஷம்" என்றேன்.

குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். என் மனைவி செம்பைக் கீழே வைத்துவிட்டு, அவளும் எழுந்திருக்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.